பூச்சியத்துக்கும் ஓர் அளவு உண்டு

துணிக்கைப் பௌதிகவியலில் ஆய்வு என்றாலே புதிய துணிக்கை ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் நாட்கள் பெரும்பாலும் வேறொன்றில் கழிகின்றன. நாம் தேடும் நிகழ்வைப் போலவே தோன்றக்கூடிய மற்ற நிகழ்வுகள் எவை, எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று கணக்கெடுப்பதே அது. இதைப் பின்னணி என்கிறோம். பின்னணியை அளக்கத் தெரியாதவர் எதையும் கண்டதாகச் சொல்ல முடியாது. பின்னணி திருத்தமாகத் தெரிந்திருந்தால், ஒன்றுமே அகப்படாத பரிசோதனைகூட நிறைவான அறிவைத் தரும். இந்தத் துறையின் கைவண்ணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஹேவாஹெட்ட மலைகளிலிருந்தே தொடங்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவரின் உடலையும் மியூவோன்கள் இரவு பகலாக ஊடுருவிச் செல்கின்றன. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறப்பவை அவை. கடல்மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழும். விரித்த உள்ளங்கைக்குச் செக்கனுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கூரையோ சுவரோ அவற்றை நிறுத்தாது. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே நிகழக்கூடிய ஒன்றைத் தேடுபவருக்கு முதல் இடைஞ்சல் இவைதான். ஆகவே மண்ணுக்கு அடியில் போக வேண்டியிருக்கிறது.

அப்படிப் போனவர்களின் கதை இந்தியாவின் கோலார் தங்கவயலில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் 1960களின் தொடக்கத்தில் அந்தச் சுரங்கத்தின் பல ஆழங்களில் மியூவோன்களை எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை சரிந்தது. ஏறத்தாழ 2,760 மீற்றர் ஆழத்தில் இரண்டு மாதம் கருவியை ஓடவிட்டும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வெறும் தாளைப் பார்த்து மனம் தளர்ந்திருக்கலாம். அவர்களோ, பாறையையும் எளிதில் ஊடுருவும் துணிக்கையான நியூத்திரினோவைத் தேட இதைவிடத் தூய்மையான இடம் கிடையாது என்று கண்டுகொண்டார்கள். ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகமும் டேரம் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொள்ள, சுமார் 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் புதிய உணரிகள் நிறுவப்பட்டன. அவற்றின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒளிரும் பிளாஸ்ரிக் பலகைகளாலான இரண்டு செங்குத்துச் சுவர்கள். நடுவே ஈயத் தகடுகளும், துணிக்கை போன தடத்தைக் காட்டும் நியோன் குழாய்களும். சுவரை ஏன் செங்குத்தாக நிறுத்தினார்கள்? அத்தனை பாறையையும் கடந்துவரும் மியூவோன் ஏறக்குறைய நேர்மேலிருந்துதான் வரமுடியும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறையின் தடிப்பு மிகவும் கூடிவிடும். கிடையாக இரு சுவர்களையும் துளைத்துச் செல்லும் மியூவோனைப் பக்கத்துப் பாறையில் மோதிய நியூத்திரினோதான் பிறப்பித்திருக்க முடியும். பின்னணி எந்தத் திசையில் வரும் என்ற அறிவே இங்கு உணரியின் வடிவமாகிவிட்டது. வளிமண்டல நியூத்திரினோவைக் கண்ட அவர்களது கட்டுரை 1965 ஆகஸ்ட் 15இல் வெளியானது. தென்னாபிரிக்கச் சுரங்கத்தில் அதையே தேடிய ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை அதே மாத இறுதியில் வந்தது. நம்மவர் மலையகத் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்த அதே நூற்றாண்டில் கோலாருக்கும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகப் போனார்கள். அவர்கள் வெட்டிய ஆழமில்லாமல் இந்த ஆய்வு நடந்திராது.

அடுத்து அதே சுரங்கத்தில் புரோத்தன் சிதைவைத் தேடினார்கள். 1974இல் ஜோர்ஜை, கிளாஷோ முன்வைத்த ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின்படி புரோத்தனின் ஆயுள் 10இன் 31ஆம் அடுக்கு ஆண்டுகளை ஒட்டி இருக்க வேண்டும். கோலாரின் 140 தொன் இரும்பு உணரி 1980களில் சிதைவு என்று கருதத்தக்க சில நிகழ்வுகளைக் காட்டியது. ஆனால் அமெரிக்காவின் ஐஎம்பி, யப்பானின் கமியோகாண்டே என்னும் பெரிய நீர் உணரிகள் அந்த ஆயுளுக்கு இடமில்லை என்று காட்டின. வளிமண்டல நியூத்திரினோவே சிதைவுபோலத் தோன்றும் என்பதுதான் சிக்கல். 1965இல் தேடிப் பிடித்த அதே பொருள், இப்போது தொல்லை. அந்தத் தொல்லையைப் பொறுமையாக அளந்ததால்தான், 1998இல் சூப்பர் கமியோகாண்டே நியூத்திரினோ ஒருவகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதை நிறுவியது. நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்று தெரிந்தது. புரோத்தனோ இன்றுவரை சிதையக் காணோம். அதுவும் வெறுங்கை ஆகாது. சராசரியாக 2.3 நிகழ்வுகள் வரவேண்டிய இடத்தில் ஒன்றுகூட வராமற்போகும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆகவே பூச்சியத்தைக் கண்டவர், உண்மையான சராசரி 2.3க்கு மேல் இல்லை என்று 90 சதவீத நம்பகத்துடன் எழுதலாம். ஜோர்ஜை, கிளாஷோவின் அந்த எளிய ஒருங்கிணைப்புக் கோட்பாடு இப்படித்தான் வீழ்ந்தது.

கோட்பாட்டாளர்தான் சிந்திக்கிறார், பரிசோதகர் சரிபார்க்கிறார், அவ்வளவே என்று ஒரு மறுப்பு உண்டு. 2015 டிசம்பரில் சேர்ன் ஆய்வுகூடத்தின் அட்லஸ், சிஎம்எஸ் பரிசோதனைகள் 750 ஜிகா இலத்திரன்வோற்று அருகே நிகழ்வுகளின் எண்ணிக்கையில் ஒரு சிறு மிகுதியைக் காட்டின. அதை விளக்கச் சில நூறு கோட்பாட்டுக் கட்டுரைகள் சில மாதங்களில் எழுதப்பட்டன. தரவு பெருகியபோது, 2016 ஆகஸ்டில் அது மறைந்தது. பின்னணியின் ஏற்ற இறக்கம்தான் அது. அக்கட்டுரைகளை நான் பழிக்கமாட்டேன். ஆனால் பின்னணியை இன்னும் ஒரு படி நுணுக்கமாகக் கணிக்கும் கோட்பாட்டாளரின் உழைப்பு அவற்றைவிட நெடுங்காலம் நிற்கும். அதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை.

பணமில்லாத நாட்டுக்கு இது எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. மோதுகருவி கட்டச் சொல்லவில்லை. 2017இல் இலங்கை சேர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. சிஎம்எஸ் தரவின் ஒரு பகுதி 2014 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கிடைக்கிறது. அண்டக்கதிரைப் பொறுத்தவரை நம் அமைவிடமே ஒரு வசதி. அவை பெரும்பாலும் நேரேற்றம் கொண்டவை என்பதால் புவியின் காந்தப்புலத்தில் வளைந்து, கிழக்கைவிட மேற்கிலிருந்து கூடுதலாக வருகின்றன. மத்தியகோட்டை அண்டிய நாடுகளில்தான் இந்த வேறுபாடு மிகத் தெளிவு. பேராதனையிலும் கண்டிப் பாடசாலைகளிலும் பௌதிகவியல் கற்பிப்போரிடம் நான் கேட்பது இதுதான்: இரண்டு ஒளிர் பலகைகளையும், இரண்டும் ஒருங்கே ஒளிரும்போது மட்டும் எண்ணும் ஒரு சுற்றையும் மாணவரிடம் கொடுங்கள். ஹேவாஹெட்ட உயரத்தில் வைத்து முதலில் மேற்கு நோக்கிச் சாய்த்து எண்ணட்டும், பிறகு கிழக்கு நோக்கி. எண்ணிக்கையோடு பிழை வரம்பையும் எழுதச் சொல்லுங்கள்.