மஞ்சள் விளக்கும் சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் புனேயில் மூன்று வகை மெக்கானிக் கிடைப்பார்கள். பல்பைக் கழற்றிவிடலாம் என்பவர், மொத்த யூனிட்டையும் மாற்றணும் என்பவர், பேசாமல் மல்டிமீட்டரை எடுப்பவர். மூன்றாமவரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வண்டி 2005 மாடல், டர்போ பெட்ரோல். நாலு கதவும் பெரிய டிக்கியும் இருப்பதால் தங்கமணி இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வயசில் எந்த வண்டிக்கும் வரக்கூடிய வியாதிதான். 15 வருடம் முடிந்து பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது கிளையில் எல்லாரும் சிரித்தார்கள். கார் லோன் சாங்ஷன் பண்ணுகிற ஆள் இப்படி ஒரு வண்டியில் வரலாமா என்று. தேய்மானம் முழுக்க எழுதியாச்சு, இனி ஓடுவதெல்லாம் லாபம் என்றேன். பி.காம். படித்தவன் வேறென்ன சொல்வான் :-)

விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறு ஆரம்பித்துவிட்டது. கவனித்தது என் பெண். ஜூனில்தான் லைசென்ஸ் வாங்கினாள். "அப்பா, நிக்கப் போற நேரத்துல பிரேக் காலைத் தள்ளுதுப்பா" என்றாள். இரண்டு நாள் கழித்து மழையில் ஒரு சிக்னலில் முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். பின்சீட்டில் ஒரு குழந்தையோடு அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் மெக்கானிக் சிரித்துக்கொண்டே, புது டிரைவர் சாஹேப், காலை அழுத்தத் தெரியலை என்றார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. புதுசாக ஓட்டுகிறவளுக்குத்தான் பெடல் எப்படி இருக்கணும் என்று பழகிப்போயிருக்காது. அவள் காலுக்குத் தெரிந்தது பொய்யாக இருக்காது.

அன்று ராத்திரியே காலி மைதானம் ஒன்றில் சோதனை போட்டேன். மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்தால், நிற்பதற்குக் கொஞ்சம் முன் பெடல் தடதடவென்று அதிர்ந்தது. ஏ.பி.எஸ். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதே வேகத்தில் பிடித்தால் அதிர்வே இல்லை. டிஸ்க் வளைந்திருந்தால் ஃபியூஸ் இல்லாமலும் அதிரும். ஆக, ஏ.பி.எஸ். தேவையில்லாத நேரத்தில் வேலை செய்கிறது. (இதைக் காலியிடத்தில், நடைவேகத்தில் மட்டும் செய்யுங்கள். ஃபியூஸ் இல்லாவிட்டால் முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் போய்விடலாம்.)

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு சக்கரத்தோடும் பல் வைத்த ஒரு வளையம் சுற்றுகிறது. பக்கத்தில் காந்தமும் சுருளும் கொண்ட சென்சார், பல் கடக்கக் கடக்கத் துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு திடீரென்று குறைந்தால், சக்கரம் லாக் ஆகிறது என்று கணினி நினைத்து அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். வளையத்தில் விரிசல் விட்டால் அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடும், துடிப்பு லேட்டாக வரும். மெதுவாகப் போகும்போது துடிப்புகள் கொஞ்சம்தான் என்பதால், ஒன்று பிசகினாலும் கணினிக்குப் பெரிய வித்தியாசம். உடனே அழுத்தத்தை விடுகிறது, வண்டி ஒரு முழம் கூடப் போகிறது. நம்ம ஊர் சிக்னலில் அந்த ஒரு முழத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும்.

மறுவாரம் மஞ்சள் விளக்கும் வந்தது. சாவியைத் திருப்பினதும் எரிந்து அணையும், கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி எரியும். இது முக்கியம். ஒயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் வண்டி நகராமலே விளக்கு நின்றுவிடும். ஓடியபின் வந்தால் சக்கரத்துப் பக்கம் சந்தேகப்படலாம்.

பல்பைக் கழற்றச் சொன்னவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஏப்ரல் 2019க்குப் பிறகுதான் இங்கே விற்கும் புது கார் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு முன் அது டாப் மாடல்காரர்களின் ஆடம்பரம், போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கணக்கு டேலி ஆகாத வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களோடு 20 வருஷமாக மல்லுக்கட்டுகிறவன் நான். பல்பைக் கழற்றுவதும் அதேதான். யூனிட்டையே மாற்றச் சொன்னவர் கேட்ட தொகையில் இன்னொரு பழைய வண்டி வாங்கலாம்.

மூன்றாமவர் ஸ்கேனர் போட்டார். மலிவான ஓ.பி.டி. ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும், ஏ.பி.எஸ். படிக்கும் ஸ்கேனர் வேண்டும். இடது முன் சக்கர சென்சார் என்று வந்தது. சரி, சென்சாரை மாற்றலாமா என்றார் அவருடைய பையன். பெரியவர் தலையாட்டவில்லை. கோடு என்பது ஆடிட் ரிமார்க் மாதிரி.. எந்தக் கவுண்டரில் பிரச்சினை என்று சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது.

இரண்டு பக்க சென்சாரையும் அளந்தார். இரண்டுமே ஆயிரம் ஓமை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவு. ஒயரை ஸ்ட்ரட் பக்கம் வளைத்து ஆட்டினார், அளவு அசையவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிறகு டார்ச் அடித்து, டிரைவ் ஷாஃப்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழுச் சுற்று சுற்றினார். முக்கால் சுற்றில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். துரு உள்ளே பொருமி வளையத்தைத் தூக்கியிருந்தது, இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை விரிசல். "சென்சார் பாவம் சாஹேப்" என்றார்.

வளையம் மட்டும் தனியாகக் கிடைத்தது. ஷாஃப்டை இறக்கி, துருவைச் சுரண்டி, புது வளையத்தைச் சூடு பண்ணி ஏற்றினார். வலதுபக்க வளையத்திலும் துரு ஆரம்பித்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். பிரேக் ஆயிலும் மாற்றியாச்சு, அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மறுநாள் காலை பெண்ணே ஓட்டிப் பார்த்தாள், பத்து தடவை நிறுத்தினாள். பெடல் வாயைத் திறக்கவில்லை. நேராக முதல் மெக்கானிக்கின் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை :-)

இன்னொன்று. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், நிதானமாக ஓட்டி வீடு சேரலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓரங்கட்டிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பினதும் ஏ.பி.எஸ். விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். சில கில்லாடிகள் ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், இரண்டும் ஒரே நொடியில் அணையும். தங்கமணியின் பெரியப்பா பையன் 2012 மாடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், ரொம்ப சல்லிசாம். சனிக்கிழமை போய் சாவியைத் திருப்பிப் பார்க்கிறோம்.