ஆலிஸ் கோல்ட்ரேனின் தம்புரா

மேற்கத்திய இசைத்தட்டில் இந்தியா என்றாலே எனக்குச் சந்தேகம்தான். ஒரு சிதார், கொஞ்சம் ஊதுபத்திப் புகை, அதற்குமேல் ஒன்றுமிருக்காது. அந்தச் சந்தேகம் இன்றும் போய்விடவில்லை. ஆனால் 1971இல் வெளிவந்த ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' அந்தக் கணக்கில் சேராது.

பெயரிலுள்ள சச்சிதானந்தர் நம் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, ரிஷிகேசம் போகுமுன் இங்கே ரமணரிடம் சிலகாலம் இருந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்தவரும் அவரே. வேங்கிக்காலில் குடியிருப்பவன் என்பதற்காக இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. தட்டில் திருவண்ணாமலை கேட்பதில்லை. 'சிவலோகம்' என்று ஒரு உருப்படிக்குப் பெயர். பௌர்ணமி இரவில் எங்கள் பக்கம் ஒலிபெருக்கிகள் காட்டுகிற சிவலோகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான்கு உருப்படிகள் 1970 நவம்பரில், நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸில் ஆலிஸின் வீட்டிலிருந்த கூடத்தில் பதிவானவை. ஐந்தாவது அதே ஆண்டு மேடையில் வாசித்தது. முதல் உருப்படியில் தம்புராவும் செசில் மெக்பியின் பாஸும் தரையாக விரிகின்றன. பாஸ் ஒரே சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதன்மேல் ஹார்ப். நம் கச்சேரிகளில் தம்புராவின் இடத்துக்குப் பெட்டி வந்தபின் சுருதியை யாரும் கவனித்துக் கேட்பதில்லை; இங்கே அது கண்ணெதிரே இருக்கிறது. துளசி என்ற பெயருடன் ஒருவர் மீட்டுகிறார், அவ்வளவே. ஆலிஸ் ராகம் வாசிப்பதாகப் பாவனை செய்யவில்லை. ஹார்ப் தன் பாஷையையே பேசுகிறது. நம்மிடம் எடுத்துக்கொண்டது சுருதி ஒன்றை மட்டும். அதையும் அலங்காரமாக இல்லை, நிற்க இடமாக. 1965இல் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் சாக்ஸஃபோனைக் கிழித்துக் கதறவிட்ட ஃபரோவா சாண்டர்ஸ், இதில் ஸோப்ரானோவில் இவ்வளவு தணிந்து வருவது அதனால்தான் என்று தோன்றுகிறது.

கணவர் ஜான் 1967இல் இறந்தார். நான்காவது உருப்படியின் பெயர் 'ஜான் கோல்ட்ரேனைப் பற்றி ஏதோ' என்பதுபோல. ஏதோ, அவ்வளவுதான். ஹார்ப்பை விட்டுப் பியானோவுக்கு வருகிறார். விம்மல் இல்லை, புகழ்மாலை இல்லை. தாளம் தளராமல் போய்க்கொண்டிருக்கிறது. இறந்தவரோடு வாசித்த சாண்டர்ஸும் ரஷீத் அலியும் பக்கத்தில் வாசிக்கிறார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் வட்டத்துக் கவிஞன் ஒருவன் சென்ற ஆண்டு போனபின் என்னிடம் அஞ்சலி கேட்டார்கள். நான் எழுதவில்லை, சிலருக்கு வருத்தம். நம் சிறுபத்திரிகை அஞ்சலிகளில் செத்தவனைவிட எழுதுகிறவனே அதிகம் தெரிகிறான். அவனை நான் எப்படிக் கண்டுபிடித்தேன், என் அறையில் அவன் எத்தனை டீ குடித்தான் என்கிற வகை. அவனுடைய நாற்பத்தொரு கவிதைகள் கையெழுத்தில் என்னிடம் இருக்கின்றன. பிழை திருத்தி, வரிசைப்படுத்தி வருகிறேன். முன்னுரை கிடையாது. கவிதைகள் மட்டும் போகும்.