சொல்ல வெட்கப்பட்ட வருத்தம்



மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் வாழ்வாதார உதவிக்காக விபரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு அக்கா மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, வெளிக்குப் போக முக்கால் மணித்தியாலம் முக்கவேண்டிக் கிடக்கு. போனாலும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கு. இது என்ன வருத்தம்?"

சமூகவியல் படித்த என்னிடம் பதில் இல்லை. "கீரை, பப்பாசி சாப்பிடுங்கோ அக்கா, தண்ணி நிறையக் குடியுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். "எல்லாம் செய்தாச்சு. குளிசையும் போட்டாச்சு."

பிறகு 2009ஆம் ஆண்டு முகாம் வாழ்க்கையைச் சொன்னார். மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருட்டும்வரை அடக்கியே பழகினாராம். ஊர் திரும்பியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவரோடு வைத்தியசாலைக்குப் போனேன். பெண் வைத்தியர் ஒருவர், சம்மதம் கேட்டு, கையுறையிட்ட விரலால் ஆசனவாயைப் பரிசோதித்தார். முதலில் இறுக்கச் சொன்னார். பிறகு மலம் கழிப்பதுபோல் தள்ளச் சொன்னார். தள்ளும்போது தளரவேண்டிய தசை அக்காவுக்கு இன்னும் இறுகியது.

வைத்தியர் விளக்கினார்: இடுப்பின் அடியில் ஏணைச் சீலைபோல் தசைகள் உள்ளன. மலம் கழிக்கும்போது அவை தளர்ந்து வழிவிட வேண்டும். நெடுங்காலம் அடக்குவது, முக்கிப் பழகுவது, பிரசவக் காயம், பாலியல் வன்முறை போன்றவற்றால் இந்த ஒழுங்கு குழம்பலாம். காரணமே தெரியாமலும் வரலாம். பெரிய வைத்தியசாலைகளில், நீர் நிரப்பிய சிறு பலூனை வெளியேற்றச் சொல்லியும், உள்ளே அழுத்தத்தை அளந்தும் இதை உறுதிசெய்வார்கள்.

இந்தத் தசைகளை மீண்டும் பழக்கலாம். பிசியோதெரபி சிகிச்சையில், தசை இறுகுவதையும் தளர்வதையும் கருவியின் திரையில் பார்த்தபடியே தளர்த்தப் பழகுகிறார்கள். ஆய்வுகளில் பத்தில் ஏழு பேரளவில் இதனால் குணம் கண்டுள்ளனர். கருவி இல்லாத இடத்திலும் பயிற்சி பெறலாம். ஆனால் இறுக்கும் பயிற்சியை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். இங்கே தேவை தளர்த்தல்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. காலைச் சாப்பாட்டுக்குப் பின் அவசரமின்றிப் போய் இருங்கள். கொமட் என்றால் காலடியில் சிறு பலகை வைத்து, முழங்காலை உயர்த்தி, முன்னே சாய்ந்து, வயிற்றால் மூச்செடுங்கள். மூச்சை அடக்கி முக்கவேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், திடீரென மாறிய பழக்கம் என்பன இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் போங்கள்.

பரிசோதனைக்குப் பெண் வைத்தியரைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை வைத்திருக்கலாம். "நிறுத்துங்கோ" என்றும் சொல்லலாம். நடந்த கொடுமையைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால், வருத்தத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

சில மாதங்களுக்குப் பின் அக்காவைக் கண்டேன். "முழுக்கச் சுகமில்லை, ஆனா காலமையில பயமில்லை" என்றார்.

அன்று நானும் ஒன்றை உணர்ந்தேன். வெளிக்கள வேலைக்குப் போகும் நாட்களில், மலசலகூடம் கேட்க வெட்கப்பட்டு, மாலைவரை அடக்கிக்கொண்டு திரிபவள் நான். இப்போது போகும் வீடுகளில் கேட்கிறேன். ஒருவரும் முகம் சுழித்ததில்லை.