வட்ட முத்திரை

வீட்டை மாற்றாமல், தெருவை மாற்றாமல், கதவு நம்பரைக்கூட மாற்றாமல் நான்கு தடவை மாவட்டம் மாறியிருக்கிறீர்களா? அரியலூரில் குடியிருந்திருந்தால் மாறியிருப்பீர்கள். நான் மாறியிருக்கிறேன்.

1984-ல் நான் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது அரியலூர், திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-ல் திருச்சியை மூன்றாகப் பிரித்து கரூர் ஒன்று, பெரம்பலூர் ஒன்று என்று ஆக்கினார்கள். நாங்கள் பெரம்பலூர்க்காரர்கள் ஆனோம். 2001 ஜனவரி 1-ம் தேதி அரியலூரே தனி மாவட்டம். 2002 மார்ச் 31-ம் தேதி, 'வேண்டாம், பழையபடி பெரம்பலூரோடு சேருங்கள்' என்று ஆகிவிட்டது. மறுபடி 2007 நவம்பர் 23-ம் தேதி தனி மாவட்டம். எண்ணிக்கொள்ளுங்கள், நான்கு. இத்தனைக்கும் நான் எங்கேயும் போகவில்லை, மாவட்டம்தான் என் தலைக்கு மேல் போய்ப் போய் வந்தது.

ஒவ்வொரு தடவையும் முதலில் மாறுவது ரப்பர் ஸ்டாம்ப். பெரம்பலூர் பிறந்தபோது அதற்குத் திருவள்ளுவர் பெயரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். நீளமான பெயர். வட்ட முத்திரைக்குள் அடங்க மறுக்கும், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும். 1997-ல் மாவட்டங்களுக்கும் பஸ் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்தபோது வள்ளுவரும் போனார். மறுபடி புது ஸ்டாம்ப். இதில் நாம் முன்னோடிகள் இல்லை. இதே மண்ணில், கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து ஆண்ட சோழர்கள் வளநாடுகளுக்குத் தங்கள் பட்டப்பெயரைத்தான் வைத்தார்கள். ராஜா மாறினால் வளநாட்டின் பெயரும் மாறும். அந்தக் கால ஓலை எழுதுகிறவனும் என்னைப் போலத் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

'மாவட்டம் பிரித்தால் யாருக்கு என்ன லாபம், கலெக்டருக்கு ஒரு பங்களா, அவ்வளவுதானே' என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். 1995-க்கு முன்னால் கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்கத் திருச்சிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. விடியற்காலை பஸ், பஸ் காசு, போன இடத்தில் ஒரு டீ, ஒரு நாள் கூலி போச்சு. 'அந்த ஸீட் இன்னைக்கு லீவு' என்று யாராவது சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. பெரம்பலூர் ஆனபோது தூரம் குறைந்தது. அரியலூர் ஆனபோது, காலையில் மாட்டைக் கறந்துவிட்டு வந்து மனு கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்று ஆனது. 2001-ல் எங்கள் ஊரில் வெடி வெடித்ததற்கு இதுதான் காரணம்.

எங்கள் தரப்புக் கதை வேறு. பிரிவினை என்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். நாற்காலி, பீரோ, டைப்ரைட்டர். மூன்று டைப்ரைட்டர் இருந்தால் யாருக்கு இரண்டு? நல்லதை அவர்கள் வைத்துக்கொண்டு, 'ன' எழுத்து விழாததை நமக்குத் தள்ளிவிடுவார்கள். ஆட்களிடம் 'எந்த மாவட்டம் விருப்பம்' என்று எழுதி வாங்குவார்கள். இங்கே வந்தால் சீனியாரிட்டியில் மேலே, அங்கே இருந்தால் பிரமோஷன் ஆறு வருஷம் தள்ளி என்று ராத்திரி பூரா கணக்குப் போடுவோம். பதினைந்தே மாதத்தில் மாவட்டத்தையே கலைத்தபோது அந்தக் கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதியதுபோல ஆயிற்று.

இனி சொல்லப்போவதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2001-ல் நான் புது மாவட்டத்தின் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் மாதம் ஓர் அம்மா வந்தார். கணவர் இரவுக் காவலர், 1999 டிசம்பரில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். பையனுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. கருணை அடிப்படையில் அவனுக்கு வேலை கேட்டு மனு. அன்றைய விதிப்படி, இறந்த மூன்று வருஷத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். "ஒரு ரசீது குடுங்க சார்" என்று நின்றார். எரிச்சலோடு ஒரு துண்டுத் தாளில் மனுவின் விவரம் எழுதி, புது வட்ட முத்திரையைக் குத்தி, இனிஷியல் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பரில் அரசாங்கம் புது ஆள் எடுக்கத் தடை போட்டது. கருணை வேலைகளும் நின்றன. அடுத்த மார்ச்சில் மாவட்டமே இல்லை என்று உத்தரவு. ஃபைல்களையெல்லாம் கட்டி லாரியில் பெரம்பலூருக்கு அனுப்ப வேண்டும். நடப்பு ஃபைல் என்றால் ஒவ்வொன்றுக்கும் நம்பர், பொருள், கடைசி நடவடிக்கை என்று பட்டியல் எழுத வேண்டும். முடிந்த ஃபைல் என்றால் கட்டி ஒரு சீட்டு ஒட்டினால் போதும். ராத்திரி ஒன்பது மணி, கரண்ட் வேறு வந்து வந்து போகிறது. அந்த அம்மாவின் ஃபைல் கைக்கு வந்தது. 'தடைதான் இருக்கே, இது எங்கே நகரப்போகிறது' என்று முடிந்த கட்டில் வைத்துக் கட்டிவிட்டேன். சில வருஷம் கழித்து அழித்துவிடக்கூடிய கட்டு அது. தவறிப்போய் வைத்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் வைத்தேன்.

அப்புறம் ஐந்தரை வருஷம் தினம் பெரம்பலூருக்கு பஸ். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் மட்டும்தான். அரியலூர் கார்டு லைனில் இருக்கிறது, பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. நெடுஞ்சாலை அவர்களுக்கு, தண்டவாளம் எங்களுக்கு என்று பஸ்ஸில் சண்டை போடுவோம். சண்டைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நிலவியல் படித்தவர்கள் இந்தப் பகுதியின் பாறைகளில் ஒரு வகைக்கு அரியலூர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் போய்ப் பார்க்கிற கல்மரம் இருப்பதோ சாத்தனூரில், பெரம்பலூர் மாவட்டத்தில். சுமார் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், பதினெட்டு மீட்டர் நீளம், கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் கண்டறிந்து சொன்னார். அதற்குத் திருச்சியும் ஒன்றுதான், பெரம்பலூரும் ஒன்றுதான்.

2003-ல் அந்த அம்மா பெரம்பலூருக்கே தேடி வந்தார். "தடை இருக்கும்மா, நீங்கினதும் தானா வரும்" என்றேன். ஃபைலை எடுத்துப் பார்க்கவில்லை. எடுக்கப் போயிருந்தால் அது நடப்பில் இல்லை என்று அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அதனால்தான் எடுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

2006-ல் தடை நீங்கியது. 2007-ல் மறுபடி அரியலூர் மாவட்டம். திறந்த தேதி நவம்பர் 23 என்றதும் எனக்குத் திக்கென்றது. 1956-ல் அதே நவம்பர் 23-ல்தான் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து நூற்றுநாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். அவர் ரயிலும் ஓட்டவில்லை, பாலமும் கட்டவில்லை.

2008 தொடக்கத்தில் அந்த அம்மா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மஞ்சப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஊதா மை கொஞ்சம் வெளுத்திருந்தது, தேதி தெரிந்தது. "இது உங்க கையெழுத்துதானுங்களே சார்?"

பட்டியலில் அந்த ஃபைல் இல்லை. எப்படி இருக்கும்? நடப்பு ஃபைல்கள் மட்டும்தான் அரியலூர் திரும்பியிருந்தன. யாரிடமும் சொல்லாமல் இரண்டு சனிக்கிழமை பெரம்பலூர் போய்ப் பழைய கட்டுகளை அவிழ்த்தேன். அழிக்க வேண்டிய கட்டுகளை யாரும் அழித்திருக்கவில்லை. எங்கள் சர்க்கார் சோம்பேறித்தனத்தை நீங்கள் எவ்வளவோ திட்டியிருப்பீர்கள், நானும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்குக் கும்பிடு போட்டேன். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. முதல் பக்கத்தில் பையனின் போட்டோ, அரும்பு மீசையோடு.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தபோது, "ஃபைல் கிடைச்சிருச்சும்மா. மாவட்டம் சேர்ந்து பிரிஞ்சதுல கலந்து போச்சு" என்றேன்.

"ஆமாங்க சார். மாவட்டம் பிரிஞ்சா யாரு என்ன பண்ண முடியும்? நீங்களா பாத்து எடுத்துக் குடுத்தீங்களே, அது போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பையனுக்கு 2010-ல் ஆர்டர் வந்தது. பதினெட்டு வயதில் கேட்ட வேலை, இருபத்தேழில். தடை 2006 வரை இருந்ததால் எப்படியும் அதுவரைக்கும் கிடைத்திருக்காது என்று மனசுக்குள் நியாயம் சொல்லிக்கொள்வேன். மிச்சம் நாலு வருஷத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை.

அன்றைக்கு அவர் கிளம்பும்போது, ஃபைலில் சேர்க்க அந்த ரசீதின் அசலைக் கேட்டேன். அவர் அதை மடித்துக் கவரில் போட்டு, கவரை மஞ்சப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை இருக்குங்க சார், எடுத்துத் தந்துர்றேன். இது எங்கிட்டயே இருக்கட்டும். திரும்பச் சேத்தாலும் சேத்துருவாங்க."