எந்தக் கண்ணு ஆயா?

அம்பத்தூர் எஸ்டேட்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? லேத் பட்டறை, கிரீஸ் வாசனை, டிபன் பாக்ஸோட ஷேர் ஆட்டோவுல தொத்திக்கிட்டுப் போற அண்ணன்கள். சரிதான். ஆனா அதே எஸ்டேட்டுக்குள்ள கண்ணாடிக் கட்டடங்கள்ல உட்கார்ந்து, அமெரிக்காவுல யாரோ ஒரு பாட்டியோட கேஸ் ஷீட்டை வரி விடாம படிக்கிற கூட்டம் ஒண்ணும் இருக்கு. அதுல நானும் ஒருத்தி.

வேலைக்குப் பேரு மெடிக்கல் கோடிங். பி.எஸ்ஸி. விலங்கியல் முடிச்சுட்டு இதுக்கு வந்தேன். "நீ டாக்டரா, கம்ப்யூட்டர் ஆளா?"ன்னு எங்க தெரு அக்காக்கள் இன்னமும் கேட்கறாங்க. ரெண்டும் இல்லை. அங்கே டாக்டர் எழுதின குறிப்பை நாங்க எண்ணா மாத்தறோம். அந்த எண்ணை வெச்சுத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். அவ்வளவுதான்.

ஒரு சின்ன உதாரணம். வயசானதால லென்ஸோட நடுப்பகுதி மங்கிப் போகுற கண்புரைக்கு எச் 25.1-னு ஆரம்பிக்கும் கோட். கடைசியில 1 போட்டா வலது கண், 2 போட்டா இடது கண், 3 போட்டா ரெண்டு கண்ணும். 0 போட்டா 'எந்தக் கண்ணுன்னு டாக்டர் எழுதலை'ன்னு அர்த்தம். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்கா பழைய கோடுகளை விட்டுட்டு இந்தப் புதுப் பட்டியலுக்கு மாறிச்சு. சுமார் 14 ஆயிரமா இருந்த நோய்க் கோடுகள் 70 ஆயிரத்தை நெருங்கினதுக்கு இந்த வலது, இடது சமாசாரமும் ஒரு முக்கியமான காரணம்.

எங்க வேலையில முதல் பாடம், யூகிக்கக் கூடாது. 'இடது கண்ணாத்தான் இருக்கும்'னு நூறு சதவிகிதம் தோணினாலும், எழுதலைன்னா எழுதலைதான். டாக்டருக்கு ஒரு க்வெரி அனுப்பணும். அவர் பதில் எழுதின பிறகுதான் கோட் போடணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல 'இதென்ன ரோதனை'ன்னு நினைச்சேன். எங்க ஆயாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குத்தான் அதோட அருமை புரிஞ்சுது.

ஆயாவுக்கு இடது கண்ணுல புரை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். எல்லாம் கம்ப்யூட்டர் மயம். கவுன்ட்டர்ல பேரு சொன்னா பிரின்ட் வந்து விழுது. ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்தாங்க ஒரு சிஸ்டர். கையில் இருந்த தாளைப் பார்த்தாங்க. நேரா மருந்தை விட்டிருக்கலாம். விடலை. "பேரு என்ன ஆயா? எந்தக் கண்ணு ஆயா?"ன்னு கேட்டாங்க. ஆயா பேரைச் சொல்லிட்டு இடது கண்ணைத் தொட்டுக் காட்டுச்சு. சிஸ்டர் மறுபடி தாளைப் பார்த்தாங்க. முகம் மாறிடுச்சு. தாள்ல இருந்தது 'வலது கண்'.

டாக்டர் வந்தார். பரிசோதனைத் தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்து, ஆயாவை மறுபடி உட்கார வெச்சு கண்ணைப் பார்த்து, இடது புருவத்துக்கு மேல பேனாவால அடையாளம் போட்டார். வைக்கிற லென்ஸோட பவர் ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லையே, அதையும் ஒரு தடவை சரிபார்த்தாங்க. ஒரு மணி நேரம் தள்ளிப் போச்சு. சரியான கண்ணுல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

கதை முடியலை. மறுநாள் டிஸ்சார்ஜ் சம்மரி வந்துச்சு. எங்க ஆபீஸ் பழக்கத்துல வரி விடாம படிச்சேன். 'வலது கண்ணில் அறுவை சிகிச்சை. வலது கண்ணில் தினமும் 6 வேளை சொட்டு மருந்து.' தியேட்டர்ல இருந்த தாள்ல திருத்தியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல யாரும் திருத்தலை. சம்மரி, முதல் நாள் அட்மிஷன்ல ஏத்தினதை அப்படியே இழுத்துக்கிட்டு வந்துடுச்சு.

கவுன்ட்டர்ல இருந்தவர், "அதான் ஆபரேஷன் நல்லா முடிஞ்சுடுச்சே மேடம்"னார். "வீட்டுல மருந்து விடப் போறது என் தம்பி. அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை. இந்தத் தாளைப் பார்த்துத்தான் விடுவான். நாளைக்கு வலது கண்ணுக்கும் புரை வந்தா, 'இந்தக் கண்ணுக்குத்தான் ஏற்கெனவே பணம் கொடுத்தாச்சே'ன்னு இன்சூரன்ஸ்ல கையை விரிப்பாங்க"ன்னேன். அதுக்கு அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டாங்க. அவர் பழையதை அழிக்க விடலை. அது அப்படியே இருக்க, கீழே சரியான தகவல், திருத்தினவர் பேரு, தேதி, நேரம் எல்லாம் ஏத்தச் சொன்னார். அதுதான் முறை. அழிச்சுட்டா தப்பு எங்கே நுழைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதலை. ஒரு ஷிஃப்ட்ல எத்தனை பேரைப் பார்க்கிறாங்கன்னு பக்கத்துல இருந்து பார்த்தா நமக்கே தலை சுத்தும். கை வேலையை முடிச்சுட்டு, ஷிஃப்ட் முடியுற நேரத்துல ஞாபகத்துல இருந்து டைப் பண்றாங்க. நேரம் இல்லாதப்போ கை தானா காபி-பேஸ்ட்டுக்குத்தான் போகும். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவுல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 23 ஆயிரத்துச் சொச்சம் தினசரிக் குறிப்புகளை ஆராய்ந்து 2017-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அதுல இருந்த எழுத்துக்கள்ல டாக்டர்கள் புதுசா டைப் பண்ணினது 18 சதவிகிதம்தான். 46 சதவிகிதம் காபி பண்ணினது. மிச்சம் கம்ப்யூட்டரே இழுத்துப் போட்டது!

அந்த சிஸ்டர் கேட்ட கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. 2008-ல உலக சுகாதார நிறுவனம், ஆபரேஷன் தியேட்டருக்குன்னு 19 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டுச்சு. மயக்க மருந்துக்கு முன்னாடி, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி, தியேட்டரை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடின்னு மூணு தடவை நிறுத்தி, வாய்விட்டுக் கேட்கணும். யாரு, என்ன ஆபரேஷன், எந்த இடம்? நம்ம டெல்லியும் சேர்த்து உலகத்துல 8 நகரங்கள்ல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. 2009-ல முடிவு வந்தப்போ, இறப்பு 1.5 சதவிகிதத்துல இருந்து 0.8 ஆயிடுச்சு. ஆனா கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரிகள்ல இதே பட்டியலைக் கட்டாயமாக்கிப் பார்த்த ஆய்வு 2014-ல வந்துச்சு. சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்லை. ஏன்னு பெரிய விவாதமே நடந்துச்சு. 'கேட்காமலேயே டிக் அடிச்சிருப்பாங்க'ங்கறது அதுல ஒரு தரப்போட வாதம். லேப் ரெக்கார்டு நோட்டுல ரீடிங்கை ராத்திரி பக்கத்து ரூம் நண்பனைப் பார்த்து எழுதற கலை தெரிஞ்ச நமக்கு இது ஈஸியா விளங்கும்!

தமிழ்நாட்டுலயும் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்குள்ள வந்து ரொம்ப நாளாச்சு. உலக வங்கி உதவியோட 2005-ல ஆரம்பிச்ச சுகாதாரத் திட்டத்துலதான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தகவல் அமைப்பு வந்துச்சு. கர்ப்பிணிகளைப் பதிவு பண்ற 'பிக்மி' 2008-ல வந்துச்சு. 2021 செப்டம்பர்ல மத்திய அரசு டிஜிட்டல் ஹெல்த் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டு வந்துச்சு. 14 இலக்க 'ஆபா' எண் உங்க போன்லயும் இருக்கலாம். இனிமே ஆவடியில ஏத்தினதை மதுரை டாக்டர் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா தப்பா ஏத்தின 'வலது கண்'ணும் அதே வேகத்துல மதுரைக்குப் போகுமே?

அதனால கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, புராஜெக்ட்டுக்கு 'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்'னு வருஷா வருஷம் பண்றீங்கல்ல? வலது, இடது கேட்கற கட்டத்துல எதையும் முன்கூட்டியே தேர்வு செஞ்சு வைக்காதீங்க. காலியா விடுங்க, ஆள் பார்த்து நிரப்பட்டும். திருத்தினா யாரு, எப்போன்னு தானா பதிவாகட்டும். ஒரு இடத்துல திருத்தினது சம்மரி வரைக்கும் போய்ச் சேருதான்னு சோதிச்சுப் பாருங்க. வைவாவுல இதைச் சொன்னா எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

நர்ஸிங், லேப், மெடிக்கல் ரெக்கார்டு படிக்கிற தோழிகளே, நடந்த நேரத்தையும் டைப் பண்ணின நேரத்தையும் தனித்தனியா போடுங்க. டிக் அடிக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளுங்க.

மத்த எல்லாருக்கும் ஒரு வேலை. வீட்டுல யாராவது டிஸ்சார்ஜ் ஆனா, பில்லைப் பார்க்கற அதே கவனத்தோட சம்மரியையும் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து படிங்க. பேரு, வயசு, எந்தப் பக்கம், எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டுல என்ன மருந்து எத்தனை வேளைன்னு பாருங்க. புரியலைன்னா கேளுங்க. கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002-ஆம் வருஷ விதி சொல்லுது. உள்நோயாளிங்க ஆவணத்தை 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும்னும் அதே விதி சொல்லுது. இங்கிலீஷ் தெரியாத அப்பா, அம்மா இதைப் படிக்க மாட்டாங்க. காலேஜ் போற நீங்கதான் படிக்கணும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோ மேல இருக்கற அந்த பிளாஸ்டிக் கவரை இறக்கிப் பாருங்களேன்.