கொளத்தூர், 20 பைட்

இரவு இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தால் எடுப்பதற்குள் மனசு ஒரு கேள்வி கேட்டுவிடும்: ஆளா, ஜாபா? ஆள் என்றால் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை. ஜாப், அதாவது ராத்திரி தானாக ஓட வேண்டிய கம்ப்யூட்டர் வேலை, என்றால் எனக்குத் தூக்கம் போச்சு, அவ்வளவுதான். அன்று ஜாப்.

"அக்கா, லுக்அப்ல விழுந்துருச்சுக்கா" என்றான் நைட் ஷிஃப்ட் பையன். மதுரைக்காரன், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

கடைகளிலிருந்து ராத்திரி விற்பனைக் கோப்புகள் வரும். ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயர் இருக்கும். எங்கள் டேட்டா வேர்ஹவுஸுக்கு வேண்டியது ஊரின் எண். மாஸ்டர் டேபிளில் ஊரைத் தேடிப் பிடித்து, அதன் எண்ணை அந்த வரியில் ஒட்டி அனுப்பும் இடத்துக்குப் பெயர்தான் லுக்அப். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பழைய நோட்டைப் புரட்டி, இந்த ஊர், இந்தப் பேர், போன தடவை இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வார். ஆனால் அவர் 'முருகேசன்', 'முருகேஷன்' இரண்டையும் ஒரே ஆளென்று கண்டுகொள்வார். போதாததற்கு "மச்சினன் வரலையா?" என்று விசாரிப்பார். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இதையெல்லாம் செய்ய நாங்கள் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் கருவி எஸ்எஸ்ஐஎஸ். லுக்அப்பில் பொருத்தம் கிடைக்காவிட்டால் லாகில் ஒரு செய்தி வரும்: இந்த வரிக்கு இணை கிடைக்கவில்லை. எந்த வரி, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்காது. லட்சக்கணக்கான வரிகளில் ஒன்று போதும், ஜாப் படுத்துவிடும். அதனால் முதல் வேலை, இணை கிடைக்காத வரிகளைத் தனியாக ஒரு டேபிளுக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுவது. இதற்கென்றே ஒரு தனி வாசல் 2008 பதிப்பில் வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

திருப்பிவிட்டதில் வந்து விழுந்த அத்தனை வரியும் கொளத்தூர். மாஸ்டரைத் திறந்தால் அங்கேயும் கொளத்தூர் இருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணுதானக்கா. ஆனா மேட்ச் ஆக மாட்டேங்குது."

கடைசியில் ஸ்பேஸ் ஒட்டியிருக்கும் என்றேன். பத்துக்கு எட்டு தடவை அதுதான். வேடிக்கை என்னவென்றால், எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டையும் ஒப்பிட்டால் கடைசி ஸ்பேஸைக் கண்டுகொள்ளாமல் 'சமம்' என்று சொல்லிவிடும். லுக்அப் அப்படியில்லை. முழு கேஷில் ஓடும்போது மாஸ்டர் டேபிளை மொத்தமாக மெமரிக்கு அள்ளிக்கொண்டு வந்து தானே ஒப்பிடும். ஒரு ஸ்பேஸ் கூடினாலும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ மாறினாலும் அதற்கு வேறு ஆள்தான். க்வெரியில் பொருந்துகிறது, ஜாபில் பொருந்தவில்லை என்று புதிதாக வருகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். 'லென்' போட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. அதுவும் கடைசி ஸ்பேஸை எண்ணாது. 'டேட்டாலெங்த்' போட்டு பைட் கணக்குப் பார்க்க வேண்டும்.

பார்த்தான். மாஸ்டரில் 18 பைட். கோப்பில் 20.

இரண்டு பைட் என்றால் இந்த வகை நெடுவரிசையில் ஓர் எழுத்து. "ஸ்பேஸ்தான், ட்ரிம் போடு" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாயப் போனேன். "போட்டாச்சுக்கா. இப்பவும் இருபதுதான்."

எழுந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தாக அதன் யூனிகோட் எண்ணைக் கேட்டோம். முதல் எழுத்து இரண்டிலும் 2965, அதாவது 'க'. அடுத்தது மாஸ்டரில் 3018. கோப்பில் 3014, அதன் பின்னால் 3006. அவனுக்கு விளங்கவில்லை. எனக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது.

'கொ' எழுதும்போது கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைக்கலாம். திரையில் மயிரிழைகூட வித்தியாசம் தெரியாது. அந்தக் கோப்பை அனுப்பிய கடைக்காரர்கள் ஊர்ப் பட்டியலைப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்து, அந்த வாரம்தான் யூனிகோடுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்த கருவி, பார்வைக்கு எப்படியோ அப்படியே கொம்பு வேறு கால் வேறாக எழுதிவிட்டது. கண்ணுக்கு இது பிழையே இல்லை. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் யாராவது ஒருவர் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லுக்அப்புக்கு முன்னால் ஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். மாஸ்டரையும் ஒருமுறை அப்படியே கழுவி எடுத்தோம். ஜாப் முடியும்போது பால்காரர் வந்துவிட்டார்.

பையன் இடையில் ஒன்று கேட்டான்: "இக்னோர் ஃபெயிலியர்னு ஒண்ணு இருக்கேக்கா, அதை வெச்சுட்டா என்ன?"

வைத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், இதே மாதிரி ஒரு ராத்திரியில். இணை கிடைக்காத வரிகளில் ஊர் எண் காலியாகப் போனது, ஜாப் பச்சையாக முடிந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன். ரிப்போர்ட் ஊர் டேபிளோடு ஜாயின் ஆகும்போது எண் இல்லாத வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. மூன்று வாரம் கழித்து, கால்குலேட்டரில் கூட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு கணக்குப்பிள்ளைதான் மொத்தம் குறைகிறது என்று கண்டுபிடித்தார். அவர் திட்டவில்லை. கூட்டிய தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து மாஸ்டர் டேபிளில் -1 என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். பெயர்: 'ஊர் தெரியவில்லை'. இணை கிடைக்காத விற்பனை அத்தனையும் அங்கே போய் உட்காரும். ஜாபும் விழாது, பணமும் தொலையாது, ரிப்போர்ட்டில் எல்லார் கண்ணிலும் படும். கொளத்தூர் ராத்திரியில் விழுந்த ஜாப் வேறொரு டீமிடமிருந்து வந்தது. அதில் இந்த ஏற்பாடு இல்லை. மறுநாளே போட்டோம்.

ஊர்களும் சும்மா இருப்பதில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானது. எங்கள் ஆபீஸில் ஒரு சுறுசுறுப்பான ஆள் மாஸ்டரை மாற்ற ஆரம்பித்துவிட்டார். சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர் மாற்றியதைத் திரும்ப மாற்ற அதைவிட அதிக நாள் ஆனது.

அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. கடைகள் ஒழுங்காக முகவரியை மாற்றிக்கொண்டன. எங்கள் மாஸ்டரில் தென்காசி ஊர் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழேயே கிடந்தது. அந்த ஜாபில் நாங்கள் தேடுவது மாவட்டத்தையும் ஊரையும் சேர்த்து. அந்தப் பக்கத்து விற்பனை முழுக்க -1-க்குப் போய்விட்டது. காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார்.

"என்ன மேடம், எங்க ஊர் தெரியவில்லைன்னு போட்டிருக்கிய? குத்தாலத்துக்கு வந்ததே இல்லியா நீங்க?"