48 எண்கள்

நாசரேத் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மதியம் இரண்டரை மணி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு ஜோடி செருப்பு.

மேஜை மேல் புது அட்டைப்பெட்டி. பக்கத்தில் கல்லூரிக் கடைசி வருஷப் பெண். அவளுக்குப் பின்னால் அம்மா. 2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி. பஸ்ஸில் வரும்போது அம்மா அதை மடியிலிருந்து இறக்கவில்லை. இப்போதும் ஒரு கை பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது.

"கைய எடுங்க அக்கா, திறக்கணும்ல."

கை விலகுகிறது. தெர்மாகோல் கிறீச்சிடுகிறது.

சுவரில் ஊரின் பழைய படம் ஒன்று. 1876-ல் இங்கே வந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1878-ல் தொடங்கிய தொழிற்பள்ளியில் தச்சு படித்தவர் கடைக்காரரின் தாத்தா. அவர் செய்த மேஜைமேல்தான் மடிக்கணினி இருக்கிறது. படத்துக்குக் கீழே மார்க்கர் பேனாவில் ஒரு தாள்: 'ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போனால் உடனே 1930.' ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. பசை டேப் மட்டும் புதிது.

கறுப்புத் திரை. இரண்டு வரிகள். ஒன்று விண்டோஸ். மற்றது பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் இந்தியாவுக்கென்று உருவாக்கியது. பெண் விண்டோஸைத் தேர்ந்தெடுக்கிறாள்.

நாடு. விசைப்பலகை. வைஃபை. கடைக்காரர் தமிழ் 99-ஐயும் சேர்க்கிறார். 1999-ல் அரசு தரப்படுத்திய விசைப்பலகை.

"எம் பேரு அடி பாப்போம்."

பெண் தேடித் தேடி அடிக்கிறாள். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் அம்மாவின் உதடு அசைகிறது.

அடுத்து கடவுச்சொல். கடைக்காரர் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். யாரும் சொல்லவில்லை. விசைகள் ஓய்கின்றன. ஒரு முறை. மறுபடி ஒரு முறை. "ஆச்சு அண்ணாச்சி" என்ற பிறகே திரும்புகிறார்.

இரண்டு கணக்குகள் உருவாகின்றன. ஒன்று புது மென்பொருளைப் போட, எடுக்க. மற்றது தினப்படி படிக்க, எழுத. "தெனமும் இதுலயே போ மக்களே. அந்தக் கணக்கு பீரோச் சாவி மாதிரி. வேணும்னாத்தான் எடுக்கணும்."

அப்டேட் ஓடுகிறது. 12 சதவீதம்.

அம்மா ஸ்டூலில் உட்காருகிறாள். ஃபேன் சுற்றுகிறது. திருச்செந்தூர் ரயில் ஹாரன் அடித்துப் போகிறது. 27 சதவீதம். டீ வருகிறது. டீ ஆறுகிறது. 27 சதவீதம்.

"இது இல்லன்னா என்னவாம்?"

கடைக்காரர் டம்ளரைக் கீழே வைக்கிறார். 2017 மே மாதம் வானாக்ரை என்றொரு வைரஸ். உலகம் முழுக்க கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முந்தியேவா?"

"ஆமாக்கா. போடாம வச்சிருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க."

அம்மா திரையைப் பார்க்கிறாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. 41 சதவீதம்.

கதவு திறக்கிறது. பெண்ணின் சித்தி மகன். கையில் பென் டிரைவ். "ஃபோட்டோஷாப் இருக்குக்கா. கிராக்கோட." செருகப் போகும் கையைக் கடைக்காரர் பிடித்துக்கொள்கிறார். பென் டிரைவ் மூலையில் கிடக்கும் பழைய கணினிக்குப் போகிறது.

"இது எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சு?"

"ஜெராக்ஸ் கடை. ஸ்கூல் லேப். பெறவு ஃப்ரெண்டு வீடு."

சோதனை முடிகிறது. சிவப்பாக ஒரு பட்டியல். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கின்றன. பையன் தலையைச் சொறிகிறான். அவன் அக்கா அவனுடைய பத்தாம் வகுப்புப் படங்களை மட்டும் தனியே எடுத்துத் தரச் சொல்கிறாள். மிச்சம் அழிகிறது. கிராக்கும் போகிறது.

100 சதவீதம். திரை அணைந்து மறுபடி எரிகிறது. வலது மூலையில் ஒரு ஆன்டிவைரஸ் விளம்பரம்: முப்பது நாள் இலவசம், பிறகு பணம். கடைக்காரர் அதை நீக்குகிறார். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைத் திறந்து பச்சை டிக் வரும்வரை காத்திருக்கிறார். நாலு டிக் தெரிந்த பிறகே மூடுகிறார்.

கடைசியாக மீட்புச் சாவி. டிஸ்க் பூட்டிக்கொண்டால் அதைத் திறக்க வேண்டிய எண். ஆறாறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48. போனில் படம் எடுக்கப் போகிறாள் பெண். "போன் தொலஞ்சா?" நோட்டு வருகிறது. பேனா வருகிறது.

அம்மா வாங்கிக்கொள்கிறாள். பதினைந்து வருஷமாகத் தெருவில் சீட்டு நடத்துகிறவள். கடைக்காரர் வாசிக்கிறார். அவள் எழுதுகிறாள். முடிந்ததும் அவள் வாசிக்கிறாள், அவர் சரிபார்க்கிறார். ஐந்தாம் தொகுதியில் ஒரு 1, 7 போல் இருக்கிறது. அடித்துவிட்டு முழு வரியையும் மறுபடி எழுதுகிறாள். தாள் நாலாக மடிகிறது. மணிபர்சில், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவில் போகிறது.

"எவ்வளவு தம்பி?"

"எரநூறு குடுங்க."

நூற்றைம்பது கொடுக்கிறாள். அவர் எண்ணாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

பெண் மூடியைத் திறந்து ஒருமுறை நுழைந்து பார்க்கிறாள். கடவுச்சொல்லை அடிக்கும் முன் அம்மாவின் காதருகே குனிகிறாள்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லாத. எவனாச்சும் போன்ல மெரட்டிக் கேட்டா வாய் தவறிச் சொல்லிருவேன்."